ஆடிக் கற்ற அகரம்

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் எண்ணாயிரம் என்னும் ஊரை அடுத்து அமைந்திருப்பது பிரம்மதேசம். பாதாளீசுவரர் கோயிலும் பிரம்மபுரீசுவரர் கோயிலும் இன்றும் அவ்வூரின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. எண்ணாயிரத்துக் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே நடைபெற்ற ஒரு கல்லூரியைப் பற்றி அது பேசுகின்றது. பயின்ற மாணவர் 340 பேர். அவருள் இளநிலையினர் 270, முதுநிலையினர் 70. கற்பித்த ஆசிரியர் 14 பேர். இன்னின்னார் இன்னின்ன கற்க வேண்டும், அவர்களுக்கு நாள்தோறும் இவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பனவெல்லாம் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழகக் கல்வி வரலாற்றை எழுதுவோர் எவரும் இக்கல்வெட்டைக் குறிப்பிடாமல் செல்வதில்லை.

ஆயினும் அந்தக் கல்லில் இடம்பெறாத ஒரு கூட்டம் உண்டு. அது மூன்று வயதும் நான்கு வயதுமான குழந்தைகளின் கூட்டம். வேதமும் இலக்கணமும் பயில வந்த அந்த 340 பேரும் அதற்கு முன்னரே எண்ணக் கற்றிருந்தனர். தம் முறை வரும்வரை காத்திருக்கக் கற்றிருந்தனர். விதிக்குக் கட்டுப்படவும் கற்றிருந்தனர். அக்கல்லூரியின் வாயிலை மிதிக்கவே இயலாத உழவர், குயவர், நெசவாளர் பிள்ளைகளும், பெண்மக்கள் அனைவரும் இவற்றைக் கற்கத்தான் செய்தனர். அந்த முதற்பாடத்திற்கு மானியம் விட்டவர் யாருமில்லை. அதற்குரிய பள்ளி வீட்டுத் தரையும் திண்ணையுமே. அதன் பாடநூல்களுள் ஒன்றாக விளங்கியது ஆட்டப் பலகை. இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விழைவது அப்பலகையின் வரலாற்றையே.

தரையில் எழுதிய பாடம்

நம் இல்லங்களில் வழங்கிய பலகை ஆட்டங்களுள் முதலில் நினைவுக்கு வருவது பல்லாங்குழி. வரிசைக்கு ஏழாக இரு வரிசைகளில் 14 குழிகள். குழிக்கு ஐந்து காய்கள் இட்டால் மொத்தம் 70. புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடி முத்தோ காயாக அமையும். ஒரு குழியின் காய்களை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது 'பசு', குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். ஒரு காய்க்கு ஒரு குழி என்னும் இந்த ஒழுங்கே எண்ணின் அடித்தளம். வாயால் ஒன்று, இரண்டு என்று ஒப்பிப்பது வேறு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எனக் கையால் வைத்து உணர்வது வேறு. பாட்டியின் மடியருகே அமர்ந்த குழந்தை இந்த வேறுபாட்டை விரல் நுனியால் அறிந்துகொண்டது.

தாயம் கூட்டலைக் கற்பித்தது. நீண்ட தாயக்கட்டைகள் இரண்டின் முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும்; ஒரு முகம் வெறுமையாக இருக்கும். இரு கட்டைகளின் புள்ளிகளையும் கூட்டி அத்தனை கட்டம் காய் நகர வேண்டும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் எதிரெதிரே நிற்கும். தனித்த ஆடு புலிக்கு இரையாகும். அணிவகுத்து நிற்கும் ஆடுகள் புலியையே அடைத்துவிடும். வலிமையற்றோர் ஒன்றுகூடினால் உய்வர் என்னும் பாடத்தை இதனினும் எளிதாகக் கூறுதல் அரிது. பரமபத சோபன படமோ வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க உதவிய ஆட்டம். நற்செயல் ஏணியாய் ஏற்றும். தீச்செயல் பாம்பாய் விழுங்கும்.

இவை மழலையர்க்கென்றே படைக்கப்பட்டவை அல்ல என்பதையும் நாம் மறத்தலாகாது. பெரியோரின் பொழுதுபோக்காக இருந்தவற்றை ஓரமாய் அமர்ந்து பார்த்தே குழந்தைகள் கற்றனர். முதலில் காய்களைப் பொறுக்கித் தருவர். பின்னர் ஒருமுறை இட்டுப் பார்ப்பர். பின்னர் தாமே ஆடுவர். இதனைக் கல்வியாக்கியது பலகை மட்டுமன்று. பலகையைச் சுற்றி அமர்ந்திருந்த குடும்பமே.

பெத்லகேமிலிருந்து ஒரு மடல்

விளையாட்டால் எழுத்தறிவித்தல் மேலைநாட்டுப் புதுமை என்று சிலர் கருதுவதுண்டு. அங்கும் அது பழைய சிந்தனையே. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமைப் பேராசிரியர் குவிந்திலியன், தந்தத்தில் செதுக்கிய எழுத்துகளைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கும் வழக்கத்தைப் பாராட்டி எழுதினார். ஏறத்தாழ 403-ஆம் ஆண்டில் நம் திருச்சபையின் மறைவல்லுநர் புனித எரோணிமுஸ், பெத்லகேமிலிருந்து லேத்தா என்னும் தாய்க்கு ஒரு மடல் வரைந்தார். அவருடைய சிறுமகள் பவுலாவை வளர்க்கும் முறை பற்றியது அம்மடல்.

அதில் அவர் கூறும் அறிவுரைகள் இன்றைய மழலையர் பள்ளிக்கும் பொருந்துவன. மரத்தாலோ தந்தத்தாலோ எழுத்துகள் செய்து குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். விளையாட்டே பாடமாக அமைய வேண்டும். எழுத்துகளை வரிசையாகப் பாடினால் மட்டும் போதாது. வரிசையைக் கலைத்துப் போட்டு, கண்டவுடன் இன்னதென அறியச் செய்ய வேண்டும். சிறு பரிசுகளால் ஊக்கமளிக்க வேண்டும்; உடன் பயிலும் தோழியர் இருத்தல் நன்று; மெதுவாகக் கற்றால் கடிந்துகொள்ளலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்வியின்மீது வெறுப்பு தோன்றாமல் காக்க வேண்டும். இளமையில் விளைந்த கசப்பு வளர்ந்த பின்னும் தொடரக்கூடும் என்பது அவர் கருத்து. விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்தளித்த அப்பேரறிஞர் ஒரு சிறுமியின் விளையாட்டுக்காக நேரம் ஒதுக்கி எழுதினார் என்பது நம் சிந்தனைக்குரியது.

நற்பண்பு விற்ற கடைகள்

1693-இல் ஆங்கில அறிஞர் ஜான் லாக் தம் கல்வி நூலில், எழுத்துகள் ஒட்டிய பன்முகப் பந்தை உருட்டிக் குழந்தைகள் எழுத்தறியலாம் என்றார். 1760-களில் இலண்டன் நிலப்படக் கலைஞர் ஜான் ஸ்பில்ஸ்பரி, நிலப்படத்தை மரத்தில் ஒட்டி நாடுநாடாக அறுத்து, மீண்டும் பொருத்தும் விளையாட்டாக விற்றார். 1790-இல் அந்நகரில் வெளிவந்த மனித வாழ்க்கை பற்றிய ஆட்டமொன்று, வாழ்நாளை 84 கட்டங்களாக வகுத்து நற்குணத்தையும் தீக்குணத்தையும் காட்டிற்று. அதில் பகடைக்கு மாறாகச் சுழலும் பம்பரம் ஒன்றையே பயன்படுத்தும்படி விதித்தனர். பகடை சூதாட்டத்தை வீட்டிற்குள் கொணரும் என அஞ்சினர். சூது என்பதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மண்ணில் பிறந்த நமக்கு இவ்வச்சம் புதிதன்று.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டு ஏணியும் பாம்பும் கடல்கடந்து இங்கிலாந்து சேர்ந்தன. பழைய இந்தியப் படங்களில் 72 கட்டங்கள் கொண்டவையும், சமணர் வழக்கில் 84 கட்டங்கள் கொண்டவையும் இருந்தன. அவற்றில் ஏணிகளைவிடப் பாம்புகளே மிகுதி. விண்ணகம் சேர்தல் எளிதன்று என்பது பொருள். அங்கே சென்றபின் பாம்பும் ஏணியும் ஏறத்தாழ ஒப்பாயின. காலப்போக்கில் பண்புகளின் பெயர்கள் மறைந்து எண்கள் மட்டும் எஞ்சின. அந்த வடிவமே 100 கட்டங்களுடன் அச்சிட்ட அட்டையாக நம் கடைகளுக்குத் திரும்பி வந்தது. எண்ணைக் கற்பிக்கும் பயன் நிலைத்தது. ஏன் ஏறினோம், ஏன் வீழ்ந்தோம் என்று குழந்தையிடம் பேசும் வாய்ப்புக் குறைந்தது.

மணலும் மணல்தாளும்

கொடுத்து வாங்கிய இவ்வரலாற்றில் சென்னைக்கும் சிறப்பிடம் உண்டு. 1789 முதல் சென்னை ஆண் அநாதைக் காப்பகத்தின் பொறுப்பாளராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையுடன் மணற்பலகையையும் தம் பள்ளியில் புகுத்தி, 1797-இல் இலண்டனில் அதுபற்றிய நூலை வெளியிட்டார். மதராஸ் முறை என்னும் பெயரால் அது இங்கிலாந்து எங்கும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளியின் மணல் இவ்வாறு உலகப் புகழ் பெற்றது.

செருமனியில் பிரடெரிக் புரோபல் 1837-இல் மழலையர்க்கான விளையாட்டுப் பொருள்களை உருவாக்கத் தொடங்கினார். 1840-இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை வழங்கினார். 1907 சனவரி 6-ஆம் நாள், திருக்காட்சித் திருநாளன்று, உரோமையின் சான் லொரன்சோ சேரியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். மருத்துவரும் கத்தோலிக்கருமான அவர், ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளிடமே தம் முறையைச் சோதித்தறிந்தார்.

குழிகள் உள்ள மரக்கட்டையில் பருமன் வேறுபட்ட உருளைகளைப் பொருத்துதல் அவர் தந்த பயிற்சிகளுள் ஒன்று. தவறான குழியில் இட்டால் கடைசி உருளைக்கு இடமிராது. ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. பொருளே தவற்றைக் காட்டிவிடும். பல்லாங்குழியிலும் எண்ணிக்கை பிசகினால் கடைசிக் குழியே சொல்லிவிடும் என்பதை நம் தாய்மார் அறிவர். சொரசொரப்பான மணல்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி அறிதல் மற்றொரு பயிற்சி.

1939 நவம்பரில் அம்மையார் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால், அவரும் அவர் மகன் மாரியோவும் பகைநாட்டவர் எனக் கருதப்பட்டனர். மாரியோ சிறை முகாமில் அடைக்கப்பட்டார். 1940 ஆகஸ்டில் அம்மையாரின் 70-ஆம் பிறந்தநாளையொட்டி அவர் விடுவிக்கப்பட்டார். 1942 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் இருவரும் கோடைக்கானலில் தங்கிப் பணியாற்றினர். சென்னையிலிருந்து மணலில் எழுதும் முறை மேற்கே சென்று ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், மணல்தாள் எழுத்து அதே நகருக்கு வந்து சேர்ந்தது. நல்ல கருத்து எங்கே பிறந்தது என்று வழக்காடுவதைவிட, அது எந்தக் குழந்தையின் கைக்கு எட்டிற்று என்று கேட்பதே தக்கது.

பிரம்மதேசத்துக் குழந்தைக்கு எட்டுமா?

1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், அங்கன்வாடியைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்தது. 1982 சூலை 1-ஆம் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் சிற்றூர் மழலையரின் பசி தீர்க்க முனைந்தது. எண்ணாயிரத்துக் கல்வெட்டில் நெல்லும் பாடமும் இணைந்திருந்ததைப் போன்று, இங்கும் சோறும் கல்வியும் கைகோத்தன. ஆனால் இம்முறை சாதியோ பாலோ கேட்கப்படவில்லை. இது ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்த பெருமாற்றம்.

தமிழக அங்கன்வாடிகளுக்கென 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் உருவாக்கப்பட்டது. 2019 சனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை அடித்தள நிலை என வகுத்து, விளையாட்டு வழிக் கல்வியை வலியுறுத்திற்று. 2023 பிப்ரவரியில் பொம்மைகள், புதிர்கள், ஆட்டங்கள் அடங்கிய விளையாட்டுப் பெட்டி ஒன்றை நடுவண் அரசு வெளியிட்டது. ஏட்டளவில் விளையாட்டு வென்றுவிட்டது எனலாம்.

நடைமுறையோ வேறாக உள்ளது. பென்சில் பிடிக்கவே விரல் வலுப்பெறாத மூன்று வயதுப் பிள்ளைக்குப் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் தரும் பள்ளிகள் உள்ளன. அதனையே நல்ல பள்ளியின் அடையாளமாகக் கருதும் பெற்றோரும் உள்ளனர். அவர்களைக் குறைகூறி என்ன பயன்? தாம் பெறாத கல்வியைத் தம் பிள்ளை விரைந்து பெற வேண்டும் என்னும் ஏக்கமே அவர்களை அவ்வாறு எண்ணச் செய்கின்றது. மரக்காணத்து உப்பளத்திலிருந்தும் கரும்பு வயலிலிருந்தும் களைத்து வரும் தாய்க்குப் பல்லாங்குழி ஆடப் பொழுது ஏது? சமையல், எடை பார்த்தல், பதிவேடு எழுதுதல் எனப் பல பணிகளைச் சுமக்கும் அங்கன்வாடி ஆசிரியைக்கும் பொழுது குறைவே. பலகையின் விலை சிறிது. அருகமர்ந்து ஆடும் பெரியவரின் பொழுதே விலை மிகுந்தது. அந்த இடத்தைத்தான் இன்று கைப்பேசி நிரப்ப முயல்கின்றது.

விளையாட்டையும் நாம் கெடுத்துவிடக்கூடும். கல்வி விளையாட்டு என்னும் பெயருடன் விலைக்கு வாங்கிய அட்டையை விரித்து, 'இது என்ன எழுத்து, சொல்' என்று அதட்டினால் அது அக்கணமே தேர்வாகிவிடுகின்றது. பசு சேர்ந்ததும் குழந்தை கைகொட்டி மகிழட்டும்; பாம்பு விழுங்கியதும் சற்றே முகம் வாடட்டும்; பின்னர் மீண்டும் காயை எடுக்கட்டும். தோற்றபின் மீண்டும் ஆட அமர்தல் எண்ணும் எழுத்தும் போன்றே இன்றியமையாத கல்வி. பல்லாங்குழியில் தோற்றவர் தம்மிடம் எஞ்சிய காய்களுக்கேற்ற குழிகளை மட்டும் நிரப்பிக்கொண்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார். குறைவாக உள்ளவரும் ஆட்டத்தில் இடம்பெறுவார் என்பது அதன் விதி.

பெற்றோரே தம் பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் கல்வி பற்றிய அறிக்கையில் எடுத்துரைத்தது. அப்பொறுப்பைத் தனியே சுமக்க இயலாத பெற்றோர்க்குத் தோள்கொடுப்பது நம் பங்குகளின் கடமையாகின்றது. அன்பியக் கூட்டம் நடைபெறும் வேளையில் ஓரத்தில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் மழலையர்க்கு ஒரு பாயும், சுண்ணக்கட்டியால் வரைந்த கட்டமும், கைநிறையக் காய்களும் போதும். சிறு விதைகளை வாயிலிட்டுக்கொள்ளும் வயதினர்க்கு மட்டும் விழுங்க இயலாத பெரிய காய்களைத் தருதல் வேண்டும். ஆட்டம் அறிந்த மூதாட்டியர் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். தம்மிடம் கேட்பார் யாருமில்லை என்று அவர்களுள் பலர் வாளாவிருக்கின்றனர். அவர்களை அழைத்துக் குழந்தைகளின் அருகே அமர்த்துவதற்குக் கல்வெட்டும் வேண்டா, மானியமும் வேண்டா. அடுத்த அன்பியக் கூட்டத்திலேயே நாம் இதனைத் தொடங்கலாம்.