லினக்ஸ் நிறுவலில் வன்பொருள் இடர்ப்பாடு

1991 ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸைத் தம் கணினியில் நிறுவப் புகுந்தோர் பலர் இடர்ப்பட்டனர். அதற்கு அவர்தம் அறியாமையே காரணம் என்பாருளர். அக்கூற்றுப் பொருந்தாது என்பது எம் கருத்து.

தொடக்கத்தில் திரையின் அலைவெண்களைப் பயனரே கோப்பில் எழுதவேண்டியிருந்தது. பிழைபட்ட எண் பழைய திரைகளைப் பழுதாக்கவும் கூடும். ஆயினும் அவ்வெண்கள் பெரும்பாலும் திரையின் கையேட்டிலேயே அச்சாகியிருந்தன. 2000 இல் செருமானியர் கிளாஸ் நாப்பர் அளித்த நாப்பிக்ஸ் குறுந்தகடு, வன்பொருளைத் தானே கண்டறிந்து, வன்தட்டில் நிறுவாமலே இயங்கியது. வெளியிடப்பட்ட செய்திகளால் தீர்க்கத்தக்க இடர்கள் இங்ஙனம் குறைந்தன. வெளியிடப்படாதவற்றின் நிலை வேறு.

மடிக்கணினிகள் பலவற்றிற் பொருத்தப்பட்ட பிராட்காம் கம்பியில்லா வலைச்சில்லு இதற்குத் தக்க சான்று. அதனை இயக்கும் முறையை விளக்கும் ஆவணத்தை அந்நிறுவனம் வெளியிடவில்லை. எனவே ஒரு குழுவினர் நிறுவனத்தின் மூடிய இயக்கியைப் பிரித்தாராய்ந்து விளக்கம் எழுதினர். பிறிதொரு குழுவினர் அவ்விளக்கத்தை மட்டுமே கொண்டு புதிய இயக்கியை இயற்றினர். மறைந்த நூலை உரைமேற்கோள்களினின்று மீட்கும் பதிப்பாசிரியர் உழைப்பினை இஃது ஒத்தது. 2006 இல், லினக்ஸ் 2.6.17 ஆம் வெளியீட்டில் அவ்வியக்கி இடம்பெற்றது.

இடர் முற்றும் நீங்கிற்றில்லை. சில்லினுள் ஏற்றவேண்டிய நிரலைப் பிறர் வழங்க உரிமையின்மையால், பயனரே அதனை நிறுவனத்தின் இயக்கியினின்று வெட்டியெடுக்க நேர்ந்தது. அந்நிரலைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெற அந்நிரல் வேண்டும்! கம்பி இணைப்புடையார்க்கே அது எளிதாயிற்று. 2010 செப்டம்பரில் நிறுவனமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. பழைய சில்லுகள் அதனுள் அடங்காமையால், அவற்றையுடையோர்க்கு வெட்டியெடுக்கும் வேலை பின்னும் தொடர்ந்தது.