மார்பகக் கட்டி: மறைத்தலின் வரலாறு

நோய்களுக்கும் வரலாறு உண்டு. அது மன்னர் வரலாற்றைப் போலக் கல்லில் பொறிக்கப்படுவதில்லை; வீட்டின் உள்ளறையில் தொடங்கிப் பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகிறது. பெண்களின் மார்பகத்தில் தோன்றும் கட்டியின் வரலாறு அத்தகையது. மருத்துவர்கள் அதை ஏட்டில் எழுதி வைத்து 3,500 ஆண்டுகளுக்கு மேலாயின. அதை மறைத்து வைக்கப் பெண்களுக்கு ஒரு காலத்தில் தக்க காரணங்கள் இருந்தன. அக்காரணங்கள் ஒவ்வொன்றாக வலுவிழந்த பின்னும் மறைக்கும் வழக்கம் மட்டும் நம்மிடையே நீங்கவில்லை.

முதற் காரணம், மருந்து இல்லாமை. எகிப்தில் கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட பாப்பிரஸ் சுவடி ஒன்று, மார்பில் புடைத்தெழும் கட்டிகளை விவரித்துவிட்டு, அவற்றுக்குச் சிகிச்சை இல்லை என்று முடிக்கிறது. பின்வந்த கிரேக்கர் அந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். தமிழில் கறையான் புற்றின் பெயரே அதற்கு வழங்குகிறது. வெளியே தெரிவதைவிட உள்ளே பரந்து கிடப்பது அது என்னும் அச்சம் அப்பெயரிலேயே ஒலிக்கக் காணலாம்.

இரண்டாம் காரணம், கத்தி. 1804ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் ஹனாவோக்கா செய்ஷூ, மூலிகை மருந்தால் ஒரு மூதாட்டியை மயக்கமுறச் செய்து மார்பகக் கட்டியை அகற்றினார். ஆனால் அச்செய்தி அந்நாட்டு எல்லையைக் கடக்கவில்லை. 1811இல் ஆங்கில எழுத்தாளர் ஃபேனி பர்னி பாரிஸ் நகரில் அதே சிகிச்சையை மயக்க மருந்து எதுவுமின்றித் தாங்கிக்கொண்டார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஈதர் மயக்க மருந்து 1846இல் வந்த பிறகே அறுவையின் வேதனை தணிந்தது. 1882 முதல் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் சேர்த்து அகற்றும் முறையைக் கையாண்டார். உயிர் பிழைத்தாலும் உடல் சிதையும் என்ற அச்சம் பெண்களை வாட்டியது. பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை கூறியது. கட்டி சிறிதாயிருப்பின் அதை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றினாலும், ஆயுளில் வேறுபாடு இல்லை என்பது தெளிவாயிற்று.

மூன்றாம் காரணம், நாணம். ஆண் மருத்துவரிடம் மார்பைக் காட்டுவதினும் வலியைப் பொறுப்பதே மேல் என எண்ணிய பெண்கள் எத்தனையோ பேர். இந்நிலையை மாற்றிய பெருமையில் தமிழ்ப் பெண்மணிகள் இருவருக்குப் பங்கு உண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மறைந்தார். அத்துயரம் அவர் உள்ளத்தில் ஓர் உறுதியாக மாறியது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடினார், நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் எழுந்தது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955இல் அங்கே பணியேற்ற டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை அந்நிலையத்தையே தம் வாழ்வாகக் கொண்டார். சென்னை நகரின் புற்றுநோயாளரைக் கணக்கெடுக்கும் பதிவேடும் 1980களில் அங்கே தொடங்கிற்று. ஒரு காலத்தில் சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்று குறைந்து, மார்பகப் புற்று அவ்விடத்தைப் பிடித்ததை அப்பதிவேடே உலகுக்குக் காட்டியது.

நான்காம் காரணம், புற்று என்றால் சாவு என்னும் நம்பிக்கை. இதற்கு மலேசியக் கணக்கே மறுமொழி கூறுகிறது. 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவருள், முதல் நிலையில் வந்தோரில் 100க்கு ஏறத்தாழ 87 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர். நான்காம் நிலையில் வந்தோரில் அவ்வாறு வாழ்ந்தவர் 23 பேரே. நோய் ஒன்றுதான், சொன்ன காலம் வேறு. எனினும், 2012-2016ஆம் ஆண்டுகளுக்கான தேசியப் பதிவேட்டின்படி, ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையிலேயே மருத்துவரிடம் வருகின்றனர்.

விரைவில் கண்டறியப் பெரிய கருவிகள் வேண்டும், நகரத்துச் செல்வம் வேண்டும் என்று எண்ண வேண்டுவதில்லை. பம்பாயின் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடங்கி, அந்நகரின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடத்தினர். மருத்துவப் பட்டம் பெறாத பெண்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களைக்கொண்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை பெண்களின் மார்பகங்களைக் கையால் சோதிக்கச் செய்தனர். ஆய்வில் இடம்பெற்றோர் 1,50,000க்கு மேற்பட்டோர். 2021இல் முடிவு வெளிவந்தது. கட்டிகள் முந்தைய நிலையிலேயே அகப்பட்டன; 50 வயதைக் கடந்தோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 100க்கு 30 பங்கு குறைந்தது. பழகிய கையும் இணங்கிய மனமும் போதும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றோர் உண்மையையும் கூறுதல் கடன். மார்பகக் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்று அல்ல. இளம்பெண்களுக்கு நகரும் நார்க்கட்டியும், நடுவயதினருக்கு நீர்க்கட்டியும், பாலூட்டும் தாய்மாருக்குப் பால் கட்டிக்கொள்வதும் இயல்பு. ஆயினும் எது எது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே, அண்டை வீட்டாரல்லர். வலியில்லாத கடினமான கட்டி, ஆரஞ்சுத் தோல்போல் குழிந்த சருமம், புதிதாக உள்ளிழுக்கப்பட்ட காம்பு, காம்பில் இரத்தக் கசிவு, அக்குளில் கட்டி ஆகியவை உடனே காட்ட வேண்டியவை. வலிக்கவில்லை என்பதால் தீங்கில்லை என எண்ணுவது பெரும் பிழை. ஊசியால் குத்திச் சோதித்தால் நோய் பரவும் என்பதும் தவறான அச்சமே. பரம்பரையில் எவருக்கும் இல்லையே என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. நோயுற்றோருள் பெரும்பாலார் அத்தகைய குடும்பத்தினரே.

லூமுட் வட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் நம் பெண்கள் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினர். தம் உடல்நோயைக் கடைசியாகவே கவனித்தனர். தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாயின. குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. அரசாங்கக் கிளினிக்கும் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையும் அருகிலேயே உள்ளன. ஈப்போவின் பெரிய மருத்துவமனை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பாதை நீளமன்று, முதல் அடிதான் கடினம். மகளின் கல்யாணம் முடியட்டும், தீபாவளி கழியட்டும், மந்திரித்துப் பார்ப்போம் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு திங்களும் கட்டிக்கே ஊதியமாகும்.

தமிழாசிரியர் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மார்பகம் என்னும் சொல்லைக் கூசாமல், கண்ணியத்தோடு, பெற்றோர் கூட்டங்களில் வழங்கலாம். சொல் கூசாவிடத்துப் பெண்ணும் கூசாள். கட்டியைக் கண்ட அன்றே அதை வாய்விட்டுச் சொல்லும் ஒரு தாய், தன் மக்களுக்கு நெடுநாள் தாயாக இருப்பாள்.