கஞ்சா தின்ற கல்கத்தா நாய்

கஞ்சான்னதும் நமக்கு ஞாபகம் வர்றது சினிமா வில்லனும் போலீஸ் ரெய்டும்தான். ஆனா மேற்கத்திய மருத்துவத்துக்குள் அது நுழைந்த கதையில் முக்கியமான பாத்திரம் ஒரு நாய்!

வில்லியம் ஓ'ஷானெஸி, அயர்லாந்துக்காரர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். (பின்னால் இந்தியாவில் தந்திக்கம்பி இழுத்ததும் இதே மனுஷன்தான். இப்ப இருந்திருந்தா ரெண்டு ஸ்டார்ட்அப் வெச்சிருப்பார் :-) ) நம்ம ஊர் வைத்தியர்கள் காலங்காலமா கஞ்சாவை மருந்தாகக் கொடுப்பதைப் பார்த்தவர், நேரா நோயாளிக்குக் கொடுக்காம முதல்ல மிருகங்களிடம் சோதித்தார். முடிவுகளை 1839-ல் வெளியிட்டார்.

பத்து கிரெயின், அதாவது ஒரு கிராமுக்கும் குறைவான நேபாளச் சரஸை (கஞ்சாப் பிசின்) சாராயத்தில் கரைத்து, நடுத்தர சைஸ் நாய் ஒன்றுக்குக் கொடுத்தார். அரை மணியில் நாய் சொக்கிப் போச்சு. அப்பப்ப திடுக்குன்னு எழுந்து சந்தோஷமா வாலாட்டும். சோத்தைப் பார்த்தா அள்ளி முழுங்கும். கூப்பிட்டா தள்ளாடும். ஆறு மணி நேரத்தில் பழையபடி சுறுசுறுப்பாயிடுச்சு. நாய், பூனை, மீன் மாதிரி அசைவப் பார்ட்டிகளுக்கு போதை சட்டுனு ஏறுது, குதிரை, ஆடு, மாடுகளுக்கு அவ்வளவா ஏறலைன்னும் குறித்து வைத்தார். மூட்டுவாதம், வலிப்பு என்று மனிதர்களுக்குக் கொடுத்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா என்று பரவி, குதிரைகளின் வயிற்றுவலிக்குக்கூட கஞ்சாச் சாறு கொடுத்தார்கள். 1937-ல் அமெரிக்கா வரிச்சட்டம் போட்டு நெருக்கியது. 1942-ல் அதிகாரபூர்வ மருந்து நூலிலிருந்தே தூக்கிட்டாங்க.

மறுபடி நாய்க்கு மருந்தாகத் திரும்பி வந்தது சிபிடி. கஞ்சாச் செடியில் இருக்கும், ஆனா போதை தராத பொருள் இது. 2018-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தார், மூட்டுத் தேய்மானம் வந்த நாய்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், தினம் ரெண்டு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. கூடவே ரத்தத்தில் ஒரு கல்லீரல் என்சைமின் அளவும் ஏறியது. அதாவது பக்கவிளைவே இல்லாத அமுதம் கிடையாது.

போதை தருகிற டிஹெச்சி கதையே வேற. அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நாயின் சிறுமூளையில் நம்மைவிட ரொம்ப அடர்த்தி. உடம்பின் பேலன்ஸைப் பார்த்துக்கொள்வது சிறுமூளைதானே! கல்கத்தா நாய் தள்ளாடியது அதனால்தான்.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் தன்னோட வயசான லாப்ரடாருக்காக நெட்டில் எண்ணெய் தேடிக்கிட்டு இருந்தார். "மூலிகைதானே பாஸ், என்ன ஆகிடும்?" என்றார். அமெரிக்காவிலேயே மிருகங்களுக்கென்று அரசு அங்கீகரித்த கஞ்சா மருந்து எதுவும் இல்லை. பாட்டிலில் சிபிடி எவ்வளவு, டிஹெச்சி எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல ஆள் வேணும். ஓ'ஷானெஸி அளந்து கொடுத்தார், பக்கத்திலேயே இருந்து கவனித்தார். நம்ம வீட்டு நாய்க்கு அதைச் செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர். தலை சுத்துதுன்னு அதுக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது.