ஏஜிசியும் கடைசி பெஞ்சும்



அந்தக்கால ரேடியோவில் அருகிலுள்ள நிலையம் காதைப் பிளக்கும், தொலைவிலுள்ளது முணுமுணுக்கும். 1925 கடைசியில் ஹெரால்டு வீலர் என்ற 22 வயது அமெரிக்கப் பொறியாளர் இதற்கு வழி கண்டார். சிக்னல் வலுத்தால் ரேடியோ தானே தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்றைய ஏஜிசி அதன் வாரிசு.

அது மனிதக் காதுக்கான வசதி. ஹாம் ரேடியோவுக்கு 2017இல் எஃப்டி8 வந்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் உருவாக்கியது. இதில் கேட்பது கணினி. இரைச்சலில் புதைந்து, நம் காதுக்கு எட்டாத சிக்னலையும் அது படித்துவிடும். 15 விநாடிச் சுற்றுகளில் பல நிலையங்கள் ஒன்றாகப் பேசும். நடுவே வலுத்த சிக்னல் ஒன்று வந்தால் ஏஜிசி எல்லாரையும் அமுக்கும். அது நின்றதும் உயர்த்தும். இந்த ஏற்ற இறக்கத்தில் மெல்லிய சிக்னல் சிதைந்துபோகும். அதனால் ஏஜிசியை அணைத்து, ஆர்எஃப் கெயினைக் குறைத்து வைக்கிறேன்.

வகுப்பில் நானும் ஏஜிசியாகத்தான் இருந்தேன். முன்வரிசையில் இருவர் கத்தினால் "எல்லாரும் வாயை மூடுங்க" என்பேன். கடைசி பெஞ்சில் மெதுவாகச் சந்தேகம் கேட்ட குரலும் அதோடு அடங்கிவிடும். அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால், இப்போது கேளுங்கள். காத்திருக்கிறேன்.