வண்டி கழுவும் தொழில்

ஒரு போர் கிணறும், இரண்டு சிமென்ட் மேடைகளும், ஒரு பிரஷர் பம்பும், ரப்பர் செருப்பணிந்த மூன்று ஆட்களும் இருந்துவிட்டால் கார் கழுவும் கடையை எவரும் ஆரம்பித்துவிடலாம் என்ற எண்ணம் நம்மவரிடையே பலமாக வேரூன்றியிருப்பதனாலோ என்னவோ, அந்தத் தொழிலுக்கும் ஒரு சரித்திரம் இருக்கக்கூடுமென்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஜனங்கள் எதற்கு அஞ்சி வண்டியைக் கழுவினார்கள், யாரைக் கொண்டு கழுவினார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனால், வண்டியின் மேனியும் அங்கங்களும் காலத்துக்குக் காலம் மாறிவந்ததையும், அந்த மாறுதலின் பின்னாலேயே இந்தத் தொழிலும் தன் வேஷத்தை மாற்றிக்கொண்டு பிழைத்துவந்ததையும் காணலாம்.

மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கென்று தனியான உடம்பு இருக்கவில்லை. குதிரை வண்டி செய்தவர்களே அதற்கும் கூண்டு கட்டினார்கள், குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷையே அதற்கும் பூசினார்கள். சென்னையில் 1840-இல் தொடங்கிக் குதிரை வண்டிகள் செய்து பெயரெடுத்த சிம்ப்ஸன் கம்பெனியே 1903-இல் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டியையும் செய்து ஓட்டிக் காட்டியது என்பது இந்த உறவுமுறைக்கு நம் ஊர் தரும் சாட்சி. ஆளிவிதை எண்ணெயோடு பிசினைச் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷைப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றி, ஒவ்வொரு பூச்சும் உலரும் வரை காத்திருந்து, உலர்ந்ததை நுரைக்கல் பொடியால் தேய்த்து மழுங்கவிட்டு, மறுபடியும் பூசி, இப்படி வாரக்கணக்கில் பாடுபட்டு உண்டாக்கிய பளபளப்பு ஒரே மழைநாளின் சேற்றில் கெட்டுப்போகக்கூடியதாக இருந்தது. சேறு அதன்மேல் காய்ந்துவிட்டால் கறை நிலைத்துவிடும். அந்தக் கறையை அவசரப்பட்டுத் துடைத்தாலோ மண் துகள்கள் பூச்சைக் கீறிவிடும். ஆகையால் அக்காலத்து வண்டிக்காரர்களுக்குக் கழுவுதலில் ஒரு ஆசாரமே இருந்தது. வெந்நீர் ஆகாது, காரமான சோப்பு ஆகாது, வெயிலில் நிறுத்திக் கழுவலாகாது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் மெல்ல வழியவிட்டு, சேறு தானாக ஊறி இறங்கிய பிறகே ஸ்பாஞ்சினால் தொட வேண்டும். முடிவில் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோலால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். இவ்வளவையும் இரவில் வண்டி வீடு திரும்பிய கையோடு செய்வதற்குக் குதிரைக்காரனோ வண்டியோட்டியோ இருந்த வீட்டில் இது ஒரு தொழிலாக உருவெடுக்க நியாயமில்லை.

அது தொழிலானது, வேலைக்காரன் இல்லாத வீடுகளுக்குள் வண்டி புகுந்த அமெரிக்காவில். 1908-இல் ஹென்றி போர்டு தமது மாடல் டி வண்டியை வெளியிட்டு, 1913-இல் டெட்ராய்ட்டை அடுத்த ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசையில் அதைச் செய்யவும் தொடங்கிய பிறகு, குடியானவரும் குமாஸ்தாவும் வண்டிக்காரரானார்கள். வண்டி வந்ததே தவிர அதற்கேற்ற பாதை வரவில்லை. ஊருக்கு வெளியே போனால் அச்சு முட்டும் சேறு. அந்த டெட்ராய்ட்டிலேயே 1914-இல் பிராங்க் மெக்கார்மிக், ஜே. டபிள்யூ. ஹிங்கிள் என்ற இருவர் ‘ஆட்டோமொபைல் லாண்டரி’ என்ற பெயரில் ஒரு கடை வைத்தார்கள் என்றும், காலையில் விட்டுப்போகும் வண்டியை மாலையில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்றும் இத்தொழிலின் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் கூறுகிறார்கள். அங்கே யந்திரம் என்று ஏதும் இருக்கவில்லை. ஆட்கள் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போவார்கள்; ஓரிடத்தில் ஒருவர் சோப்பு போடுவார், அடுத்த இடத்தில் இன்னொருவர் அலசுவார், கடைசியில் நிற்பவர் துடைப்பார். போர்டு வண்டியைப் பூட்டிய முறைக்கும் இவர்கள் கழுவிய முறைக்கும் உள்ள ஒற்றுமை, ஒரே நகரத்தில் ஒரே ஆண்டு இடைவெளியில் நேர்ந்தது, தற்செயலென்று நான் எண்ணவில்லை.

இந்தக் கடைகளுக்கு வெளியேயும், பட்டணங்களில் வாடகைக்கு வண்டி நிறுத்தும் பெரிய கொட்டகைகளில், ஊர் உறங்கும் நேரமெல்லாம் கண்விழித்து வரிசை வரிசையாக வண்டி கழுவிய கூலிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர், வேறு வேலைகளின் கதவு அடைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். பிற்காலத்தில் அந்த இடத்துக்கு லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் வந்து சேர்ந்தார்கள். முதலாளி சொற்ப மூலதனத்தோடு நுழையக்கூடிய தொழிலில் தொழிலாளி இன்னும் சொற்பமான கூலிக்கு நுழைந்தான் என்ற இந்தப் பக்கத்தை அங்குள்ள வியாபாரிகள் எழுதிக்கொள்ளும் வரலாறுகளில் அதிகமாகக் காண முடியாது.

யந்திரம் உள்ளே வருவதற்கு முன்பாக வார்னிஷ் வெளியே போக வேண்டியிருந்தது. 1923-இல் டூபாண்ட் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அறிமுகப்படுத்திய ‘டூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, வாரக்கணக்கில் உலர்ந்த வேலையைச் சில நாட்களுக்குள் சுருக்கிவிட்டதோடு, சேற்றையும் வெயிலையும் பழைய பூச்சைக்காட்டிலும் தாராளமாகத் தாங்கியது. பூச்சுக் கெட்டுவிடுமோ என்ற பயம் தணிந்த பிறகே, வண்டியின்மேல் சுழலும் பிரஷ்ஷை ஓடவிடும் தைரியம் மனிதனுக்கு வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தைரியம் வந்தபின் காரியங்கள் வேகமாக நடந்தன. 1946-இல் தாமஸ் சிம்ப்ஸன் என்பவர் (நம் மவுண்ட் ரோடு சிம்ப்ஸனுக்கும் இவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை) தலைக்கு மேலிருந்து பொழியும் நீர்த்தூவிகளும், ஆள் பிடித்து இயக்கும் மூன்று ஜோடி பிரஷ்களும், ஈரத்தை ஊதித் தள்ளும் ஐம்பது குதிரைச் சக்தி விசிறியும் கொண்ட ஓர் அமைப்பைச் செய்தார். 1951-இல் ஸியாட்டில் நகரத்தில் ஆண்டர்ஸன் சகோதரர்கள், கழுவும் வேலையை முற்றிலும் யந்திரத்திடமே ஒப்படைத்த கடையைத் தொடங்கினார்கள். அவர்கள் கடையின் அடையாளமான இளஞ்சிவப்பு யானை விளக்குப் பலகை அந்நகரத்தின் சின்னங்களில் ஒன்றாகிவிட்டதால், 2020-இல் கடை மூடப்பட்டபோது அதை நகரத்தின் சரித்திரக் காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள்.

ஜெர்மனியில் கதை வேறு விதமாகச் சென்றது. அங்கே சனிக்கிழமை பிற்பகலில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் குடும்பத்தலைவர் தாமே கழுவுவது, யுத்தத்துக்குப் பின் செழித்த குடும்பங்களின் சடங்குகளில் ஒன்று. 1962 ஆகஸ்டில் ஆக்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த வெய்கலே, ஸுல்ஸ்பெர்கர் என்ற இருவர், நின்ற இடத்தில் நிற்கும் வண்டியைச் சுற்றித் தானே நகர்ந்து கழுவும் யந்திரத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். வண்டியை இழுத்துச் செல்ல நீண்ட சுரங்கம் போன்ற கட்டடம் இனித் தேவையில்லை. பெட்ரோல் பங்க்கின் ஒரு மூலையே போதும். நிலத்தடி நீரில் எண்ணெய் கலப்பதைத் தடுக்கும் விதிகளும் நாளடைவில் கடுமையாகிப் பல ஊர்களில் தெருவில் வண்டி கழுவுவதையே தடைசெய்துவிட்டபடியால், அந்த யந்திரத்துக்குச் சர்க்காரே ஆள் சேர்த்துக் கொடுத்தது போலாயிற்று.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் கார் வைத்திருந்த வீடு என்றால் அது டிரைவர் வைத்திருந்த வீடு. விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரும் மஞ்சள் துணியும் கொண்டு அவர் துடைத்துவிடுவார். 1920-இல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிய காலம் முதற்கொண்டு பெருகிவந்த பஸ்களுக்கும் லாரிகளுக்கும் ‘கிளீனர்’ என்ற பதவி தனியாக இருந்தது; டிரைவராக ஆசைப்படும் இளைஞன் முதலில் ஏறிநிற்கும் படி அது. ஆற்றில் கணுக்கால் தண்ணீர் ஓடும் இடத்திலோ ஏரிக்கரையிலோ லாரியை இறக்கி, பக்கெட்டால் வாரி அடித்துக் கழுவுவதை நாற்பது வயது கடந்த எவரும் பார்த்திருப்பார்கள். இப்படி மேலுடம்பைக் கழுவுவதற்கு ஆள் பஞ்சமே இல்லாத நாட்டில், கழுவுவதற்கென்று காசு வாங்கும் கடை எவ்வாறு எழுந்தது?

அது வண்டியின் அடிவயிற்றுக்காக எழுந்தது. அம்பாஸடரானாலும் பியட்டானாலும், முன்சக்கரங்களைத் திருப்பும் மூட்டுகளிலும், எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் ஷாப்டின் இணைப்புகளிலும் கிரீஸ் நிப்பிள்கள் இருந்தன. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அவற்றில் கிரீஸ் ஏற்றாவிட்டால் மூட்டு தேய்ந்து ஸ்டியரிங் ஆட்டம் கொடுக்கும். நிப்பிளைச் சேறு மூடியிருக்கும்போது கிரீஸ் கன்னை வைத்தால் கிரீஸோடு மண்ணும் உள்ளே போகும். ஆகவே முதலில் வண்டியை மேடையில் ஏற்றி, கீழிருந்து அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடித்து, மட்கார்டின் உட்புறத்திலும் பட்டை ஸ்பிரிங்கிலும் கல்லாய் இறுகிய சேற்றைப் பெயர்த்து, அதன்பின் கிரீஸ் ஏற்றி, துரு பிடிக்காமலிருக்க அடிப்பாகமெங்கும் டீசலைத் தூவி, எல்லாம் முடிந்த பிறகே மேலுடம்புக்குச் சோப்பு போடுவார்கள். இந்த முழுக் கிரமத்துக்கும் ‘வாட்டர் சர்வீஸ்’ என்று பெயர். நெடுஞ்சாலை ஓரங்களில் அந்த இரண்டு சொற்களை எழுதிய பலகை காணாத தூரம் குறைவு. மோட்டாரும் பம்பும் செய்யும் கோயம்புத்தூரும், ஆழ்துளை போடும் ரிக் லாரிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருந்தது, இப்படிப்பட்ட கடை வைக்க நினைத்தவர்களுக்கு எத்தகைய அனுகூலமென்று சொல்லத் தேவையில்லை. ஆயுத பூஜைக்கு முந்திய இரண்டு நாட்களில் இந்தக் கடைகளின் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், வருஷத்து லாபமெல்லாம் அந்த இரண்டு நாட்களிலேயே அடங்கியிருக்கிறதோ என்று தோன்றும். கழுவி இறக்கிய வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் அது பட்டறைக் கணக்கிலிருந்து விடுபடும்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரத்தை மெல்ல அசைத்தது. முன்சக்கரங்களே இழுக்கும் வண்டியானபடியால் நீளமான ஷாப்ட் அதில் இல்லை. அதற்குப் பின்வந்த கார்களிலோ, மூட்டுகளைத் தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து அடைத்து, வெளியிலிருந்து ஏற்ற நிப்பிளே இல்லாமல் செய்துவிட்டார்கள். சாலைகளும் தார் கண்டு சேறு குறைந்தது. அடிவயிற்றுக்கு வேலை குறையக் குறைய, கடைக்காரர்கள் கண்ணுக்குத் தெரியும் இடங்களுக்கு மாறினார்கள்: ஷாம்பூ நுரை, ஸீட்டுக்கு வாக்குவம், டாஷ்போர்டுக்குப் பாலிஷ், இப்போது செராமிக் பூச்சு வரை. டிரைவர் இல்லாமல் தாமே ஓட்டும் குடும்பங்கள் பெருகியதும் இதே காலத்தில்தான். ஆனால் அமெரிக்காவின் சுரங்க யந்திரம் மட்டும் இங்கே பரவலாகக் காலூன்றவில்லை. மாதச் சம்பளத்துக்கு விடியற்காலையில் அடுக்குமாடி வீடுகளின் வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போகும் ஆள் கிடைக்கும் வரையில் யந்திரத்துக்குக் கடன் வாங்கியவர் வட்டி கட்டுவது கஷ்டம்.

இன்று இத்தொழிலில் இறங்க நினைப்பவருக்கு மேடையும் பம்பும் பெரிய பிரச்சினைகள் அல்ல. கையிலுள்ள பணத்துக்குத் தக்கவாறு அமைத்துக்கொள்ளலாம். தண்ணீர்தான் பிரச்சினை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது குடிக்கும் தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நின்றன. 2024 மார்ச்சில் பெங்களூரின் குடிநீர் வாரியம், குடிநீரால் வண்டி கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. கழுவிய தண்ணீரை முதல் தொட்டியில் தேக்கி மண்ணைப் படியவிட்டு, இரண்டாவது தொட்டியில் மிதக்கும் எண்ணெயைப் பிரித்தெடுத்து, மணலில் வடிகட்டி, முதல் அலசலுக்கு அதையே மறுபடி உபயோகிக்கும் முறை மேல்நாடுகளில் வெகு காலமாக வழக்கத்தில் இருக்கிறது. கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும், ஏனெனில் உப்பு மிகுந்த நீர் காய்ந்தால் கண்ணாடியிலும் பூச்சிலும் வெண்புள்ளி விழும். இந்தத் தொட்டிகளுக்கு வேண்டிய இடம் சிமென்ட் மேடை பிடிக்கும் இடத்தைவிடக் குறைவல்ல. வாடகை நிலத்தில் கடை போடுகிறவர், தோண்டிய தொட்டியைக் கையோடு எடுத்துப்போக முடியாதென்பதால், குத்தகை எத்தனை வருஷத்துக்கு என்பதை நிலத்துக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கடப்பாரையை எடுப்பது உசிதம்.