சிறைமதிலுக்குள் ஒரு பூந்தோட்டம்

நைந்த சேலையையும், தைத்து மிஞ்சிய துண்டுத் துணியையும் வீசியெறிய மனம்வராத பெண்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அத்துண்டுகளை அளந்து வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தித் தைத்துப் போர்வையாக்குதல் மிகப் பழைய கைவினை. இவ்வேலை ஒரே நாளில் முடிவதன்று. அடுப்படி வேலை ஓய்ந்து, பிள்ளைகள் உறங்கிய பின்னர் எஞ்சும் சிறுபொழுதிலே, இந்த வாரம் இத்தனை துண்டு, அடுத்த வாரம் இத்தனை துண்டு என்று இலக்கு வகுத்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை அது. அமைதி நிலவும் வீட்டில் அது பயனுள்ள பொழுதுபோக்கு. அடுத்த வாரம் வருமா என்பதே ஐயமாகிவிட்ட இடத்தில் அது என்னவாகும்? இவ்வினாவுக்குச் சிங்கப்பூரின் சாங்கிச் சிறை விடை சொல்லியிருக்கிறது.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்த உறவினர் ஒருவரேனும் இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் அரிதாயிருந்த காலம் அது. கடல் கடந்து வந்த கடிதங்கள் நின்றன. அங்குள்ளோர் உயிரோடு இருக்கிறார்களா என்ற ஒரே கேள்வி இங்கே எத்தனையோ வீடுகளில் ஆண்டுக்கணக்கில் விடையின்றிக் கிடந்தது. அதே கேள்வி சிங்கப்பூரில் ஒரு மதிலின் இருபுறத்தும் எழுந்தது.

பிரித்தானியர், அவுஸ்திரேலியர் முதலிய நேசநாட்டுக் குடிமக்களை யப்பானியர் தடுத்துவைத்தனர். மார்ச் 8ஆம் திகதி பெண்களும் சிறுவரும் கட்டோங்கிலிருந்து சாங்கிச் சிறைக்கு ஏறத்தாழ எட்டு மைல் வெயிலில் நடத்திச் செல்லப்பட்டனர். சுமார் 600 கைதிகளுக்காக 1936இல் கட்டப்பட்ட அச்சிறையில், ஆண்களும் பெண்களும் சிறுவருமாக அதைப்போல் பன்மடங்கினர் அடைக்கப்பட்டனர். பெண்களும் சிறுவரும் மாத்திரம் ஏறத்தாழ 400 பேர். ஒருவருக்கென அமைந்த அறையில் மூவர் படுத்தனர். கணவன்மாரிற் சிலர் அதே சிறையின் மறுபகுதியில் இருந்தனர். படையினராயிருந்த வேறு பலர் அண்மையிலிருந்த இராணுவப் பாசறைகளிற் போர்க்கைதிகளாய் இருந்தனர். பார்த்தலும் பேசுதலும் எழுதுதலும் தடுக்கப்பட்டிருந்தன. மனைவி பிழைத்தாளா என்பது கணவனுக்குத் தெரியாது. கணவன் எங்கே என்பது மனைவிக்குத் தெரியாது.

அப்பெண்களுள் ஒருவர் எதெல் மல்வேனி. கனடாவில் பிறந்தவர், பிரித்தானிய இராணுவ மருத்துவர் ஒருவரின் மனைவி, முகாமிலே செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியாகச் செயற்பட்டவர். துண்டுத் துணிப் போர்வைகள் தைக்கலாம் என்ற யோசனையை அவர் முன்வைத்தார். அவற்றைப் போர்க்கைதிகளின் வைத்தியசாலைக்குக் காயமுற்றோருக்கென அனுப்புவது திட்டம். பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஆறு அங்குல அளவுள்ள வெள்ளைத் துணிச் சதுரம் ஒன்று கொடுக்கப்பட்டது. அதிலே தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றை ஊசியால் வரைந்து, தம் பெயரையும் பொறிக்கும்படி சொல்லப்பட்டது.

காயமுற்றோர்க்குப் போர்வை என்பதை எந்தக் காவலனும் ஐயுறான். ஆனால் அந்தப் பெயர்களிலேதான் இரகசியம் இருந்தது. வைத்தியசாலைக் கட்டிலில் விரிக்கப்பட்ட போர்வையில் ஒரு பெண்ணின் பெயரைக் காண்பவன், "இவள் உயிரோடு இருக்கிறாள்" என்று அறிவான். அவள் கணவனுக்கு அச்செய்தி வாய்வழியே போய்ச் சேரும். கடிதம் தடைசெய்யப்பட்ட இடத்தில் ஊசி கடிதம் எழுதிற்று.

ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். பிரித்தானியருக்கு ஒன்று, அவுஸ்திரேலியருக்கு ஒன்று, காயமுற்ற யப்பானியப் படையினருக்கு ஒன்று என 1942இல் மூன்று போர்வைகள் உருவாகின. பகைவருக்கும் ஒரு போர்வை தைத்ததில் காவலரின் இணக்கத்தைப் பெறும் சாதுரியமும் இருந்திருக்கலாம். ஆயினும், அவர்களின் துன்பத்திற்கு அனுதாபம் தெரிவிக்கும் வாசகம் அப்போர்வையின் பின்புறத்தில் இன்றும் இருக்கிறது.

சதுரங்களில் உள்ளவை பலவகை. சில பெண்கள் தம் நாட்டுப் பூக்களைத் தைத்தனர். ஒருத்தி தான் அடைபட்ட சிறையறையையே வரைந்து, அதனை விடுமுறை இல்லம் என்று எள்ளினாள். தந்தையோடு மலாயாவில் வாழ்ந்த பதினேழு வயதினளான ஷீலா அலன், தான் ஒருநாளும் கண்டிராத தந்தைநாடாகிய அவுஸ்திரேலியாவின் வரைபடத்தையும் கங்காருவையும் தைத்தாள். சிறையிலே நாட்குறிப்பும் எழுதிவந்தாள். அவளுடைய தந்தை, விடுதலைக்கு முன்னரே, 1945இல் முகாமிலேயே காலமானார். நாட்குறிப்பு பின்னாளில் நூலாயிற்று.

பெரியோர் இவ்வாறு செய்ய, சிறுமியரும் வாளாவிருக்கவில்லை. எலிசபெத் எனிஸ் என்ற தாதி, எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான ஏறத்தாழ இருபது சிறுமியரைச் சேர்த்துச் சிறையினுள்ளே பெண் சாரணியர் குழு ஒன்றை அமைத்தார். சிங்கப்பூர் வீழ்வதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர்தான் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. கணவரான மருத்துவர் போர்க்கைதியானார். குழு வாரம் ஒருமுறை சிறை முற்றத்தின் மூலையிற் கூடியது. தம் தலைவிக்குப் பிறந்தநாட் பரிசாக ஒரு போர்வை தைத்துக் கொடுக்கச் சிறுமியர் அவர் அறியாமல் முடிவுசெய்தனர்.

அவர்கள் தெரிந்துகொண்ட அமைப்பு "பாட்டியின் பூந்தோட்டம்" எனப்படுவது. நடுவிலே ஓர் அறுகோணத் துண்டு. அதனைச் சுற்றி ஆறு அறுகோணங்கள். ஏழையும் இணைத்தால் ஒரு பூ. பூவின் நடுவிலே தைத்தவளின் பெயர். கைக்குக் கிடைத்த கந்தைகளெல்லாம் இதழ்களாயின. நூலுக்குக் கடை ஏது? பழைய ஆடைகளின் தையலைப் பிரித்து இழை உருவினர். ஊசியோ அரும்பொருள், அது தொலைந்தால் வேலையே நின்றுவிடும்.

இங்கேதான் வாரம் என்ற அளவின் சிறப்பு விளங்குகிறது. போர் எப்போது முடியும் என்பதைச் சிறைப்பட்டோர் எவராலும் சொல்லமுடியாது. ஆண்டு என்று எண்ணினால் மனம் உடையும். அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு இதழ்களைத் தைத்துவிடலாம் என்பதோ ஒரு சிறுமியின் கைக்கு எட்டக்கூடியது. பசியும் சிரங்கும் காய்ச்சலும் காவலரின் அதட்டலும் நாள்தோறும் இருந்தன. அவற்றின் நடுவே, வார முடிவிற் கையில் ஏந்திக் காட்டக்கூடிய ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் கொண்டு அச்சிறைவாழ்வு இனிதாயிருந்தது என்று எவரும் எண்ணலாகாது. மறைவாய்ச் செய்தி அனுப்புகிறார்கள் என்ற ஐயத்துக்கு அங்கே விலை உயிர். 1943 அக்டோபர் 10ஆம் திகதி யப்பானிய இராணுவப் பொலிசார் சிறையைச் சோதனையிட்டனர். தொடர்ந்த விசாரணையில் குடிமக்கள் 57 பேர் கைதாகி வதைக்கப்பட்டனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், பிரெடி புளூம் என்னும் இரு பெண்களும் அவ்விசாரணைக் கூண்டுகளில் மாதக்கணக்கில் அடைபட்டு மீண்டனர். மறுவருடம் மே மாதத்திற் குடிமக்கள் சைம் வீதி முகாமுக்கு மாற்றப்பட்டனர். ஊணும் மருந்தும் மேலும் அருகின. போர்வைகளுக்கு வித்திட்ட எதெல் மல்வேனியே மனநோயுற்று, தனிச்சிறையில் நாட்களைக் கழிக்கும்படி ஆயிற்று. பிறர் மனத்தைத் தாங்கிய கை தன் மனத்தைத் தாங்கமுடியாது தளர்ந்தது.

எனினும் அவர் எழுந்தார். பசியிற் பெண்கள் கூடியிருந்து, தாம் சமைக்க விரும்பிய உணவுகளை வாயாற் சொல்லிச் சொல்லி எழுதிவைத்த சமையற் குறிப்புகளை, கனடாவுக்குத் திரும்பிய பின் 1946இல் அச்சிட்டார். அந்நூலின் 20,000 பிரதிகள் விற்று வந்த 18,000 டொலரை, இங்கிலாந்தில் வைத்தியசாலைகளிற் கிடந்த முன்னாட் போர்க்கைதிகளுக்குச் செலவிட்டார். எலிசபெத் எனிசும் அவர் கணவரும் உயிர்பிழைத்து ஒன்றுசேர்ந்தனர்.

சிறுமியர் தைத்த போர்வை இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரித்தானியருக்கென முடைந்தது செஞ்சிலுவைச் சங்கத்தின் வசம் அதே நகரில் உள்ளது. அவுஸ்திரேலியருக்கும் யப்பானியருக்குமென ஆக்கப்பட்ட மற்றை இரண்டும் கன்பெராவிலுள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில் அருகருகே பேணப்படுகின்றன. அவற்றைத் தைத்தோர் தளபதிகளல்லர். போரின் வரலாற்று நூல்களில் அவர்களுட் பெரும்பாலோரின் பெயரைத் தேடிக் காணமுடியாது. துணியிலே அப்பெயர்கள் அழியாமல் நிற்கின்றன.

யப்பானியருக்கென ஆக்கிய போர்வையின் பின்புற வாசகம் அனுதாபத்தோடு முடியவில்லை. போர் ஓய்ந்தபின் அதனை யப்பானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்ற வேண்டுகோளும் அதில் உண்டு. இறுதியில் இன்னொரு சிறு குறிப்பு: இப்போர்வையை நீரில் நனைக்காது உலர்சலவை செய்தல் நன்று. குளிக்க நீரும் உடுக்க மாற்றுடையும் அரிதாயிருந்த சிறையிலே, போர் ஒருநாள் ஓயும், அன்று இத்துணியைப் பேண ஒருவர் இருப்பார் என்று நம்பிய பெண்கள் அக்குறிப்பைத் தைத்துவைத்தனர். போர் ஓய்ந்தது, துணியும் இன்றுவரை பேணப்படுகிறது.