குளத்து மட்டத்தை யார் தீர்மானிப்பது? டெனசி ஆறும் நம்மட சமுத்திரமும்

சிறுபோகம் முடியும் மாதங்களில் இங்கினியாகலைக்குப் போய் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "சமுத்திரம் என்று பேர் வச்சிட்டு, படகேற இவ்வளவு தூரம் இறங்கி நடக்க வேணுமா? தண்ணியக் கொஞ்சம் பிடிச்சு வச்சா என்ன?"

சின்னக் கேள்விதான். அமெரிக்காவில் இதே கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்க ஏறக்குறைய 70 வருடம் எடுத்தது. அந்தக் கதை நமக்குத் தூரத்துச் சொந்தம். பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டுவதற்காக 1949இல் அமைத்த கல்லோயா அபிவிருத்திச் சபைக்கு முன்மாதிரியே அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபைதான். அணையைக் கட்டியதும் மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. ஹூவர் அணையைக் கட்டிய கூட்டிலும் அவர்கள் இருந்தார்கள்.

டெனசி அதிகாரசபை 1933இல் பிறந்தது. முதல் அணையான நொரிஸ் 1936இல் முடிந்தது. அதற்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் எழும்பிப் போனார்கள். அணைகளில் தண்ணீரை எப்படி ஏற்றி இறக்குவது என்று சட்டமே வரிசை சொன்னது: முதலில் கப்பல் போக்குவரத்து, வெள்ளத் தடுப்பு. அவற்றுக்கு இடைஞ்சல் இல்லாதவரை மின்சாரம். உல்லாசப் படகுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் குளம் நிரம்பியதும் மனிசர் வராமல் இருப்பார்களா? தூண்டிலோடு வந்தார்கள், பிறகு படகோடு வந்தார்கள். கரையில் விடுதியும் கடையும் முளைத்தன.

இங்கேதான் சிக்கல். குளிர்காலத்திலும் அதன் கடைசியிலும் அங்கே பெருமழை. அந்த வெள்ளத்தைப் பிடிக்கக் குளத்தில் இடம் வேண்டும் என்பதால் முன்கூட்டியே தண்ணீரை இறக்கிவிடுவார்கள். கோடைச் சூட்டில் குளிரூட்டிகள் ஓட மின்சாரம் தேவைப்படுவதால் அந்தத் தண்ணீர் விசையாழிக்குள்ளால் போகும். மலைப்பகுதிக் குளங்களில் இந்த ஏற்ற இறக்கம் 20, 30 அடி. ஃபொன்டானா என்ற குளத்தில் 50 அடிக்கும் மேல்.

50 அடி என்றால் படகுக்காரனுக்கு என்ன அர்த்தம்? படகை ட்ரெயிலரோடு தண்ணீருக்குள் இறக்கும் சீமெந்துச் சரிவு, ஏழடி தூரத்துக்கு ஓரடி இறங்கும் கணக்கில் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் வாகனம் ஏறாது, சப்பையாக இருந்தால் படகு மிதக்காது. ஆக, தண்ணீர் ஓரடி குறைந்தால் சரிவு ஏழடி நீள வேண்டும். 50 அடிக்கு 350 அடி. (எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதம் படிப்பிக்க நல்ல கணக்கு இது.) சரிவு அவ்வளவு நீளம் இல்லாவிட்டால் சீமெந்து முடிந்த இடத்திலிருந்து சேறுதான். படகு நிறுத்துமிடங்களை மிதவையில் கட்டினார்கள். அவை தண்ணீரோடு ஏறி இறங்கின. சரிவு இறங்குமா?

பள்ளிக்கூட விடுமுறை முடியுமுன்பே குளம் வற்றத் தொடங்குகிறது என்று கரையோர மக்கள் பல காலம் முறையிட்டார்கள். 1991இல் ஓகஸ்ட் 1 வரை இறக்குவதில்லை என்று முடிவானது. அதுவும் போதவில்லை. பெரிய ஆய்வொன்று நடத்தி, ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு, 2004இல் பத்துக் கிளையாற்றுக் குளங்களில் செப்டெம்பர் முதல் திங்கள் வரை கோடை மட்டத்தை வைத்திருக்கத் தீர்மானித்தார்கள். ஒரு மாதம்தான் கூடியது. அந்த ஒரு மாதத்துக்காக மின்சாரக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் கீழாற்றின் நீரோட்டத்தையும் முழுக்கத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது நம்மட பக்கம் வருவோம். அங்கே தண்ணீரைப் பிடித்து வைத்தால் நட்டப்படுவது பெரும்பாலும் மின்சாரக் கணக்கு. இங்கே நட்டப்படுவது நெல். 770,000 ஏக்கர் அடி கொள்ளும் அந்தக் குளத்தை நம்பித்தான் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்கள் சிறுபோகத்தில் கிடக்கின்றன. வாய்க்காலின் கடைசிக் கண்டத்தில் வயல் வைத்திருப்பவரிடம் போய், "படகுக்காக ஒரு மாதம் தண்ணி நிப்பாட்டுவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். வட்டவிதானை சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது!

ஆகவே டெனசியின் மட்டத்தை நாம் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. கேட்க வேண்டியது வேறு. யானை நீந்துவதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் வரும் இடம் அது, அந்தப் படகுகளை நம்பியும் அடுப்புகள் எரிகின்றன. தண்ணீர் குறைந்த காலத்துக்கென்று கீழ் மட்டத்தில் இன்னொரு இறங்குதுறை கட்டலாம். அணைமட்டத்தை அன்றாடம் மூன்று மொழியிலும் அறிவிக்கலாம். அங்கே இன்று யாரும் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் படகை ட்ரெயிலரில் ஏற்றுகிறார்கள்.

போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எந்தத் திகதியில் எவ்வளவு தண்ணீர் திறப்பது என்று பேசி முடிக்கிறார்கள். அந்தத் திகதிகளை அன்றைக்கே படகுக்காரருக்கும் குளத்து மீனவருக்கும் எழுத்தில் கொடுக்க ஒரு சதமும் செலவாகாது. அடுத்த கூட்டத்துக்குப் போகும் விவசாய அமைப்புக்காரர் யாராவது இதை வாசித்தால், அங்கே இதையும் ஒருக்கா எழுப்புங்கள்.